மண்ணைக் கிண்டும் முன்

யாழ்ப்பாணத்தின் தொல்லியல் கதை தொல்லியலாளர் அல்லாத ஒருவரிலிருந்து தொடங்குகிறது. 1917 இல் கந்தரோடையில் அகழ்ந்து பார்த்த போல் ஈ. பீரிஸ் தொழிலால் ஒரு நீதிபதி.

ஆனைக்கோட்டையின் கதையோ மண் அள்ளியவர்களிடமிருந்து வந்தது. தாழ்நிலம் நிரப்ப ஏற்றிய மண்ணில் பழைய பானை ஓடுகள் தென்பட்டன. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழ்ந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி ஆகியோர் அதில் முன்னின்றனர். பெருங்கற்கால ஈமக்குழியொன்றில் பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை கிடைத்தது.

விரல்நுனி அளவுப் பொருள்!

அதற்கு மதிப்பு வந்தது, எந்தக் குழியில், எந்த மண்படையில், எவற்றோடு கிடந்தது என்பது பதிவானதால்தான். அகழ்வில் உதவ வரும் தொண்டருக்கும் முதல் வேலை இந்தப் பதிவுக்குத் துணைநிற்பதே: மண்ணை அரிக்க வேண்டும், பானை ஓடுகளைக் கழுவ வேண்டும், பைக்கு அடையாளச்சீட்டு எழுத வேண்டும். பொறுமை இருந்தால் பட்டம் தேவையில்லை.

இந்தக் கவனம் அகழ்வுக் களத்தோடு முடிவதில்லை: சாவகச்சேரியில் கிணறு வெட்டுவோரும் அத்திவாரம் கிண்டுவோரும் அன்றாடம் பழைய மண்ணைத் தொடுகிறார்கள். கறுப்பு-சிவப்புப் பானை ஓடோ பழைய நாணயமோ கண்ணில் பட்டால், தோண்டுவதை நிறுத்துங்கள், கிடந்தபடியே படமெடுங்கள். பிரதேச செயலகத்துக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ உடனே அறிவியுங்கள். அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.