பழம்பெருமையும் மண்ணின் சாட்சியும்

பழமையை எதற்காக அறிய வேண்டும்? பெருமை கொள்வதற்கா, உண்மை காண்பதற்கா? இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் நம்மிற் பலர். ஒன்றல்ல என்பதே நமது கருத்து. பெருமையை நாடுவோன் விடையை முதலில் வைத்துக்கொண்டு சான்று தேடப் புறப்படுகின்றான். உண்மையை நாடுவோன் சான்றை முன்னே வைத்து, அது காட்டும் விடை கசப்பினும் ஏற்றுக்கொள்கின்றான்.

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் புதைபொருள் ஆராய்ச்சி என்பது பெரிய பல்கலைக்கழகங்களின் வாயிற்படி ஏற வல்லவருக்கே உரிய கல்வியாயிருந்தது. இந்நாளிலோ, தோட்டத்து வீட்டிலும் நகரத்து அடுக்குமாடியிலும் வாழும் ஒருவர், பகலெல்லாம் உழைத்தபின் இரவில் அதன் தொடக்கப் பாடத்தை இணையவழிக் கல்லூரியிற் கற்றல் கூடும். மண்ணைத் தொடாமல் மண்ணைப் பற்றிய கல்வியா என்று நகைப்போர் உளர். அகழும் கைத்திறன் அகழ்குழியிலேதான் வரும், அதனை மறுப்பாரில்லை. ஆயினும் இத்துறையின் உயிர் மண்வெட்டியில் இல்லை. சான்றை எடைபோடும் மனப்பழக்கத்தில் இருக்கின்றது. அப்பழக்கத்தை எவ்வழியிற் பெறினும் நன்றே.

அதன் முதற்பாடம் மிக எளியது. கலையாத மண்ணில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. இரண்டாம் பாடம், பொருளைப் போலவே அது கிடந்த இடமும் சான்று என்பது. ஒரு பாசிமணி எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுடன், எந்தச் சாம்பலின் அருகே கிடந்தது எனக் குறித்து வைத்தால் அது பேசும். பிடுங்கியெடுத்து அலமாரியில் வைத்தால் ஊமையாகிவிடும். மூன்றாம் பாடம் காலக்கணக்கு. உயிர்கள் இறந்தபின் அவற்றிலுள்ள கதிரியக்கக் கரி ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. இதனைக் கொண்டு காலம் கணிக்கும் முறையை வகுத்த அமெரிக்க அறிஞர் லிபி 1960இல் நோபெல் பரிசு பெற்றார். அடுப்பில் எஞ்சிய கரித்துண்டு இவ்வாறு சாட்சிக் கூண்டில் ஏறிற்று. அதுவும் ஒரே ஆண்டைச் சொல்வதில்லை. இன்ன காலம் முதல் இன்ன காலம் வரை என்றே சொல்கின்றது. தன் ஐயத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லும் சாட்சியை நம்முடைய மேடைகளிற் காண்பது அரிது.

இவ்வறிவை நம் வாசலுக்கே கொண்டு வருவோம். கடாரம் என்றவுடன் நம்மவர் தோள் பூரிக்கின்றது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடல்கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகின்றது. ஆனால் மெய்க்கீர்த்தி என்பது வென்றவன் தன் புகழைத் தானே வெட்டுவித்த கல். பொருள் பறிகொடுத்தவனுடைய வாக்குமூலமும், கரையில் மாண்ட படகோட்டியின் வாக்குமூலமும் அதில் இல்லை. எந்த மண்ணில் நாம் இன்று குடிமக்களாய் அண்டை அயலாருடன் கூடி வாழ்கின்றோமோ, அம்மண்ணை ஒரு மன்னன் கொள்ளையிட்ட கதையை நமது உரிமைப் பத்திரமாக நீட்டுதல் அறமாகுமா? அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்ததையும், அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதையும் செப்பேடு சொல்கின்றது. நட்பின் சான்றை மறந்து போரின் சான்றையே மனப்பாடம் செய்வானேன்?

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் மண் சொல்லும் செய்தி வேறு. அங்கே 1930களில் அகழ்ந்த குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் கண்டவற்றை இந்தியர் குடியேற்றத்தின் சின்னங்கள் என்று எழுதினார். பின்வந்தோர், கடலோடிகள் கொணர்ந்த சமயத்தையும் கலையையும் அந்நாட்டு மக்களே தெரிந்தெடுத்துத் தமதாக்கிக் கொண்ட திறத்தை வற்புறுத்தினர். பௌத்தச் சின்னம், சைவச் சின்னம், சீனப் பீங்கான், கண்ணாடி மணி எல்லாம் அம்மண்ணிற் கலந்து கிடக்கின்றன. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்றூதும் மண்குழாய்களும், கசடும் வெளிப்பட்டன. அவற்றின் தொடக்க காலம் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. உலையின் முன் வெந்த தொழிலாளி உண்டு என்பதிலோ வழக்கில்லை.

புதைபொருள் அறிவின் தலையாய அறம் இதுவே என்போம். ஏடு எழுதுவித்தவர் அரசரும் புரோகிதருமே. எழுத்தறியாத பெருங்கூட்டம் ஏட்டில் இல்லை. ஆனால் மண்ணில் உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பட் என்னுமிடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல்லொன்று கிடைத்தது. ‘பெரும்பதன் கல்’ என்று அதில் தமிழ் எழுத்துப் பொறித்திருக்கின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முந்தியதென்பர். அவன் நாடு வெல்லவில்லை. தன் கருவியில் தன் பெயரை வெட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிவந்த ஒரு தட்டான். கடல் கடந்து உழைக்க வந்த நமக்கு உறவு கொண்டாட ஆள் வேண்டுமாயின், சோழ மன்னனைக் காட்டிலும் இவனே நெருங்கியவன் அல்லனோ?

சான்றை அழிப்பது எளிது. சிங்கப்பூர் ஆற்றின் வாயிலில் நின்ற எழுத்துப் பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டின் எழுத்தை முழுதும் படித்தறிய ஒருவராலும் இயலவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் இடப்பட்ட சண்டியின் அடித்தளம், 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுரிமைச் சட்டம் இருந்தும், வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது இடிந்தொழிந்தது 2013இல் தெரியவந்தது. அன்று நம்மவர் கண்டித்தனர், கண்டித்தது நன்றே. ஆனால் நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்கள் இடிந்தபோது நாம் என்ன செய்தோம்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. கிணறு தூர்ந்தது, இடுகாடு புதரானது. எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு இருந்தது, பிள்ளைக் கொட்டகை எங்கிருந்தது என்று கேட்டால், கடாரத்தைப் பற்றி மணிக்கணக்கிற் பேசுவோர் வாய்திறவார்.

குறிக்கும்போது முழுதும் குறிக்க வேண்டும். கோவிலைக் குறிப்போர் கள்ளுக்கடையையும் குறிக்க. திருவிழாவைக் குறிப்போர், சாதிவாரியாக லயம் பிரித்த தோட்டங்கள் இருந்ததையும் குறிக்க. நமக்கு இனிப்பதை மட்டும் பொறுக்கி வைத்தால், நாமும் மெய்க்கீர்த்தி வெட்டுவோரின் கூட்டத்திற் சேர்ந்தவராவோம். நம் இழிவுகள் மண்மூடிப் போனால், அவை என்றும் இருந்ததில்லை என்று நாளை ஒருவன் சாதிப்பான்.

ஆதலின் நம் இளைஞர், ஆண்களும் பெண்களும், இக்கல்வியின் தொடக்கத்தையேனும் கற்க முன்வர வேண்டும். அனைவரும் அகழ்வாராய்ச்சியாளர் ஆக வேண்டுவதில்லை. நிலத்தில் பழம்பொருள் தென்பட்டால் எடுத்துச் செல்லாமல், இடத்தைக் குறித்து அருங்காட்சியகத்தாருக்கு அறிவிக்கத் தெரிந்தாற் போதும். இடிபடவிருக்கும் லயத்தைப் படமெடுத்து, அளந்து, வரைந்து, அங்கு வாழ்ந்த முதியவரை உசாவி, அவர் சொன்னது இது, நாம் கண்டது இது எனப் பிரித்தெழுதத் தெரிந்தாற் போதும். பால் மங்கும் உளியும் பிரட்டுக்களமும் நம் வரலாற்றின் சான்றுகள். அவற்றை அறிந்த முதியவர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். இவ்வேலைக்கு நல்ல நாள் பார்த்துக் காத்திராமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோமாக.