கணக்குக் காட்டாத நாற்காலி

அதிகாரம் உடைமையா, அமானிதமா? அமானிதமெனில், அதனை ஏற்றவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், 10ஆம் நூற்றாண்டின் முதற் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு இதனை விதியாகவே வகுத்தது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர், அவர்தம் நெருங்கிய உறவினர், முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் ஆகியோர் பெயரைக் குடவோலையில் இடலாகாது. நிலமற்றோருக்கு அச்சபையில் இடமில்லாமை பெருங்குறையே. எனினும் கணக்கு விதி உயர்ந்தது.

1945இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் சபையை நோக்குவோம். பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பு நாடுகளுள் பத்து, ஈராண்டு முடிந்ததும் விலகுகின்றன. உடனே மீண்டும் தேர்வுபெற இயலாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்துமோ தேர்தலையே அறியா. உக்ரைன் மீதான தன் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை 2022 பிப்ரவரியில் ரஷ்யா ‘வீட்டோ’வால் வீழ்த்தியது. காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 2023 டிசம்பரில் அமெரிக்கா வீழ்த்தியது.

வல்லரசுகள் வெளியேறினால் சபையே சிதையும் என்பர். அச்சம் நியாயமே. ஆனால் உள்ளே இருத்தல் வேறு, வினவப்படாதிருத்தல் வேறு. வீட்டோ செலுத்தப்பட்டால் பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் முடிவாயிற்று. கணக்குக் கேட்கும் முதற்குரல் அது. கேட்டபின் தடுக்கும் விதி பிறக்கும்வரை, எளியோர்க்கு நீதி என்பது வல்லோர் இடும் பிச்சையே, உரிமையன்று.