கையெழுத்திட்டவர் வேறு, கடனாளி வேறு

மொசாம்பிக்கின் முன்னாள் நிதியமைச்சர் மனுவேல் சாங்குக்கு 2025 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் எட்டரை ஆண்டுச் சிறை விதித்தது. 70 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு, நாடாளுமன்ற ஒப்புதலின்றி, சுமார் 200 கோடி டாலர் கடனுக்கு நாட்டின் பெயரால் உத்தரவாதம் கொடுத்தவர் அவர். நீதி வென்றது என்று மகிழ முடியவில்லை. திருடன் சிறைக்குப் போய்விட்டான். களவுபோன வீட்டுக்காரன் இன்னும் தவணை கட்டுகிறான். இது அறமன்று.

2013–14இல் கடலோரக் காவல், சூரை மீன்பிடி, கப்பல் பட்டறை என்று மூன்று அரசு நிறுவனங்களின் பெயரில் கடன் வாங்கப்பட்டது. கொடுத்தவை கிரெடிட் சூயிஸ், ரஷ்யாவின் விடிபி வங்கிகள். பணம் மொசாம்பிக் கஜானாவுக்கு வரவேயில்லை. படகு விற்ற பிரிவின்வெஸ்ட் குழுமத்துக்கு நேராகப் போனது. கடனுக்குப் பேரம் பேசிய வங்கியாளர்களில் ஒருவர் மட்டும் 4.5 கோடி டாலர் கையூட்டுப் பெற்றதாக ஒப்புக்கொண்டார். மீன்பிடிப் படகுகள் மாபூட்டோ துறைமுகத்தில் சும்மா கிடந்தன. 2016இல் குட்டு வெளிப்பட்டதும் பன்னாட்டு நாணய நிதியமும் கொடை நாடுகளும் உதவியை நிறுத்தின, நாணயமும் சரிந்தது.

கோல் பிடித்துப் பொருள் கேட்கும் மன்னனை, வேலோடு வழிமறிக்கும் கள்வனுக்கு நிகராக வைத்தார் வள்ளுவர். யானை தானே புகுந்த வயலில் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம் என்று பாண்டியன் அறிவுடை நம்பியை எச்சரித்தார் பிசிராந்தையார். மொசாம்பிக் கணக்கும் அதுதான்: அமைச்சர் வாய்க்குள் போனது 70 லட்சம், மக்கள் தலையில் விழுந்தது 200 கோடி. தீர்ப்புப் பிழைத்ததை அறிந்த நொடியில் உயிர்விட்டான் சிலம்பின் பாண்டியன். கிரெடிட் சூயிஸோ 2021இல் அமெரிக்க, பிரிட்டன் அதிகாரிகளுக்குச் சுமார் 47.5 கோடி டாலர் கட்டி, மொசாம்பிக்குக்கு 20 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்து, வழக்கை முடித்துக்கொண்டது.

ஆட்சியாளர் கெட்டவர் என்று கடனை மறுத்தால், ஏழை நாட்டுக்கு நாளை யார் கடன் கொடுப்பார்? நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கும் தகுதி விசாரித்துக் கொடுத்தவருக்கே உண்டு. நாடாளுமன்ற ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுத்தவர், கொடுக்கும்போதே தன் கையூட்டை எடுத்துக்கொண்டவர், ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அந்த நட்டம் அவருடையது. மருந்தில்லாத ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் தாயுடையது அன்று.

மொசாம்பிக்கின் அரசமைப்பு மன்றம் 2019 ஜூனில் சூரை மீன் கடன் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. ஆயினும், சந்தை கதவடைத்துவிடும் என்று அஞ்சிய அரசு, அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கடனை 2031 வரை நீளும் 90 கோடி டாலர் பத்திரமாக மாற்றிக் கொடுத்தது. முதலில் 5 சதவீதமாக இருந்த அதன் வட்டி, 2023க்குப் பிறகு 9 சதவீதம்.