யாருடைய சட்டை?

நடிகனாக விரும்பும் இளைஞன் ஒருவன் தன் முகத்தைப் படமெடுத்துப் பிறருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் படத்துக்கு அவன் எதை உடுத்துவது? நாட்டிலே தீராத பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, ஒரு சட்டையைப் பற்றியா எழுதுவது என்று வாசகர் கேட்கக்கூடும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டிக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். பாடசாலை நாடகங்களிலே நன்றாக நடித்தவர். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியாக ஆடித் தோட்டத்தாரின் கண்களைக் கலங்கவைத்தவர். தொலைக்காட்சி நாடகமொன்றுக்கு நடிகர் தேடுகிறவர்கள் முகப்படம் இரண்டு அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். "சேர், என்னாத்தப் போட்டுக்கிட்டுப் படம் புடிக்கிறது?" என்று அவர் கேட்டார். அவரிடம் இருந்தவை பாடசாலை வெள்ளைச் சட்டை இரண்டும், திருவிழாவுக்கு வாங்கிய பூப்போட்ட சட்டை ஒன்றும்.

நகரத்து நிழற்படக்காரர் ஒருவர் வழக்கமான யோசனையைச் சொன்னாராம். கூடத்திலே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்குகிறது. முன்பக்கம் சரியாக இருந்தால் போதும், முதுகுப்புறத்தை ஊசியால் பிடித்துக்கொள்ளலாம். நமக்குக் கோபம் வந்தது. "இரவல் கோட்டு உனக்கு எதற்கு? உன் தாய் படங்கு கட்டிக் கொழுந்து எடுக்கிறவர். விடுமுறை நாளில் நீயும் கவ்வாத்து வெட்டியவன். அந்த வேலையுடுப்போடேயே போய் நில். அதுதான் உண்மை" என்றோம். சொல்லும்போது நமக்குப் பெருமிதமாகவே இருந்தது.

மாணவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்புடிப் போனா எனக்குக் காலம் பூரா தோட்டத்து ஆள் வேசந்தானே சேர் குடுப்பாங்க? நான் ஒரு டொக்டரா நடிக்கக் கூடாதா?" என்றார்.

அந்த வினாவுக்கு நம்மிடம் உடனே விடையிருக்கவில்லை. கோட்டுப் பொய், வேலையுடுப்பு மெய் என்று நாம் வகுத்துவைத்திருந்த எளிய கணக்கு அங்கே உடைந்துபோயிற்று.

முதலில் கோட்டை எடுத்துக்கொள்வோம். அதன்மீது நமக்கிருந்த வெறுப்பு காரணமற்றதல்ல. மலைநாட்டுத் தோட்டங்களிலே கோட்டு என்பது வெறும் உடையன்று. அது அதிகாரத்தின் அடையாளம். துரைக்கு அடுத்தபடியாக அதை அணிந்தவர் பெரிய கங்காணி. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கைத்தடி ஆகியவற்றோடு அவர் நிற்கும் பழைய படங்களை நாம் கண்டிருக்கிறோம். தொழிலாளியின் கடனைச் சீட்டிலே எழுதி, அந்தக் கடனோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அந்தக் கோட்டின் பையிலேதான் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு கிடந்தது. அக்கோட்டைக் கங்காணியின் கடனாளியாக இருந்தவரின் கொள்ளுப்பேரன் இரவல் வாங்கி அணிவதைக் கண்டு மனம் வருந்தாதிருக்க முடியுமா?

இந்த வருத்தம் புதிதுமன்று. ஆனந்த குமாரசுவாமி 1905இல் கண்டியிலிருந்து 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் தலைப்பிலே ஆங்கிலத்தில் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். இந்நாட்டு மக்கள் தம் உடையைக் கைவிட்டு ஐரோப்பிய உடையை மேற்கொள்வதை அதிலே அவர் கண்டித்தார். அடிமைப்பட்ட நாட்டில் ஆள்வோரின் உடையை அணிவது தன்னைத் தானே இழப்பதாகும் என்ற அவரது நோக்கிலே உண்மை உண்டு.

ஆனால் அவ்வுண்மை பாதி உண்மைதான். "நம் உடை" என்கிறபோது, அந்த 'நாம்' யார்? கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இதற்கொரு சான்று தருகிறார். உயர்குலத்து ஆடவரின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கும். பெண்களின் துணி குதிகாலைத் தொடும். தாழ்த்தப்பட்டோர் முழங்காலுக்குக் கீழே துணியை இறக்குதல் ஆகாது. ஒரு மனிதனின் மானத்தை முழத்தால் அளந்து கொடுத்த சமுதாயம் அது! ரொடியர் எனப்பட்ட மக்களின் பெண்கள் மார்பை மறைத்தலும் தடுக்கப்பட்டிருந்தது. தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை நம் வாசகர் அறிவர். மேனியை மறைக்கும் உரிமையை அரச அறிவிப்பாகப் பெற அவர்கள் 1859 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய உடை, சுதேச உடை என்று நாம் போற்றுவதன் மடிப்புகளிலும் சாட்டையின் தழும்புகள் உள்ளன.

இன்று கண்டியிலே திருமண மாப்பிள்ளைகள் பலர் நிலமே உடையை வாடகைக்கு எடுத்து அணிந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருகாலத்தில் பிரபுக்களுக்கு மட்டுமே உரியதாயிருந்ததை இன்று ஒரு லிகிதரும் ஒரு நாள் அணிய முடிகிறது. இது சமத்துவத்தின் வெற்றியா, பிரபுத்துவ ஆசையின் நீடிப்பா? இரண்டும்தான் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆகவே, இரவல் கோட்டைப் பழிப்பவர் இரவல் நிலமே உடையைப் போற்ற நியாயமில்லை.

இனி, நாம் அந்த மாணவருக்குச் சொன்ன யோசனைக்கு வருவோம். "வேலையுடுப்போடே நில்" என்ற சொல் முற்போக்கானதாக ஒலிக்கிறது. ஆனால் அதே சொல்லை நமக்கு முன்பே வேறு சிலர் சொல்லியிருக்கிறார்கள். 1870களிலே கண்டியில் ஸ்கோவன் என்னும் ஆங்கிலேயரின் நிழற்படக் கூடம் இயங்கியது. அக்காலத்துக் கூடங்கள் தேயிலையும் கோப்பியும் விளையும் மலைகளை மட்டும் படமெடுக்கவில்லை; "தமிழ்ப் பெண்", "கூலி" என்று பெயரில்லா மனிதரையும் வகைவகையாகப் படமெடுத்து விற்றன. ரொடியப் பெண்களின் படங்கள் அஞ்சலட்டைகளாகிக் கடல் கடந்தன. மார்பை மறைக்கக் கூடாதென்று முதலிலே ஒரு சமுதாயம் விதித்தது. அவ்விதியின் விளைவையே "இயற்கையான கோலம்" என்று பின்னர் ஒரு வியாபாரம் விற்றது. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த ஜூலியா மார்கரெட் கமரூன், நிழற்படக் கலையின் மேதைகளுள் ஒருவர். இங்கிலாந்திலே அவர் எடுத்த டெனிசனின் படத்துக்குப் பெயருண்டு. இங்கே எடுத்த தோட்டத் தொழிலாளரின் படங்கள் பலவற்றில் பெயரில்லை. அவர்களை நோக்கி, "நீ எதை உடுத்திக்கொள்ள விரும்புகிறாய்?" என்று எவரேனும் கேட்டிருப்பாரா?

நாமும் நம் மாணவரிடம் அதைக் கேட்கவில்லை. அவர்தாம் நம்மைக் கேட்டார், நாம் கட்டளையிட்டோம். துரை விற்பனைக்காகக் கேட்ட வறுமைக் கோலத்தை நாம் கொள்கைக்காகக் கேட்டோம். நோக்கம் வேறாயினும், அங்கே நிறுத்தப்பட்டவன் அதே மனிதன்தான். பிறருடைய வறுமை நம் மேடைக்கு அலங்காரமாகும்போது அதனை யதார்த்தம் என்று அழைத்துவிடுகிறோம். நம் போன்றோர் தனிமையில் எண்ணிப்பார்க்க வேண்டிய விஷயம் இது.

இங்கே இரு பெரியோரின் உடைகள் நினைவுக்கு வருகின்றன. பாரிஸ்டர் கோட்டணிந்த காந்தி, 1921 செப்டெம்பரில் மதுரையிலே அரைத்துணிக்கு மாறினார். அந்தக் கோலத்திலேயே 1927 நவம்பரில் கண்டிக்கும் வந்தார். கோட்டு மறுக்கப்பட்ட குலத்திலே பிறந்த அம்பேத்கர் அதை விடாது அணிந்தார். 1950 மே மாதத்தில் உலக பௌத்தர் மாநாட்டையொட்டி அவரும் கண்டிக்கு வந்தார். ஒருவர் கழற்றினார், மற்றவர் அணிந்தார். இருவரில் யார் உண்மையானவர்? கேள்வியே பிழை. கோட்டு இருந்தவருக்கு அதைக் கழற்றுவது துறவு. அது மறுக்கப்பட்டவருக்கு அதை அணிவது உரிமை. பொருள் துணியிலே இல்லை; யாருடைய கை, எந்த நிலையிலிருந்து, அதைத் தேர்ந்தது என்பதிலே இருக்கிறது.

நடிகனுக்கு இந்த நியாயம் இன்னும் ஒரு படி மேலே பொருந்தும். பிறராதலே அவன் தொழில். கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், 1964இல் படகோட்டியாகவும், 1967இல் விவசாயியாகவும், 1971இல் ரிக்‌ஷாக்காரனாகவும் திரையில் தோன்றினார். உழைப்பவனின் உடை கதாநாயகனின் உடையாயிற்று என்று எளியோர் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சியை ஏளனம் செய்வோர் அவர்களுடைய அவமானங்களை அறியாதவர். ஆயினும் திரையில் ரிக்‌ஷாக்காரன் வென்றதனால் தெருவிலே ரிக்‌ஷாக்காரனின் கூலி உயர்ந்துவிடவில்லை. உழைப்பாளியின் உடையை நட்சத்திரம் அணியலாமென்றால், மருத்துவரின் உடையை உழைப்பாளியின் மகன் அணியக் கூடாதா? காமன் கூத்திலே பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவன் இரவிலே மன்மதனாகிறான். அவனைப் பார்த்து "நீ பொய் சொல்கிறாய்" என்று தோட்டத்தில் எவரும் சொன்னதில்லை. வேடத்துக்கும் வஞ்சகத்துக்குமுள்ள வேறுபாட்டை நம்மைவிட அவர்கள் நன்கறிவார்கள்.

அப்படியாயின் கூடத்துக் கோட்டையே அணிந்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. முகப்படம் என்பது வேடமன்று; வேடம் தருபவருக்கு நடிகன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கடிதம். "இந்த முகம், இந்த வயது, இந்த நிறம் எனக்கு உண்டு; இதிலிருந்து நீங்கள் எவரையும் உருவாக்கலாம்" என்று அது கூற வேண்டும். முதுகிலே ஊசி குத்திய கோட்டு, முன்னாலே எவ்வளவு மிடுக்காகத் தோன்றினாலும், அணிந்தவனின் தோளை இறுக்குகிறது. அந்த இறுக்கம் முகத்துக்கு ஏறிவிடுகிறது. பூப்போட்ட சட்டை முகத்தை முந்திக்கொண்டு பேசுகிறது.

வெள்ளைச் சட்டைக்கும் ஒரு கதை உண்டு. பெரிய வெள்ளைப் பரப்பைக் காணும் கமராவின் ஒளிமானி, காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணக்கிட்டு ஒளியைக் குறைத்துவிடுகிறது. கறுத்த முகம் மேலும் இருண்டு, கண்கள் மறைகின்றன. வர்ணப்படச் சுருளை விற்ற கொடாக் நிறுவனம், நிறச்சரிபார்ப்புக்கு நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே அளவுகோலாக வழங்கியது. பல நிறத்தவரைச் சேர்த்த அட்டை 1990களிலேதான் வந்தது. கருவியும் ஒரு பக்கம் சாய்ந்தே பிறந்திருக்கிறது! படம் இருண்டால் கூடத்தார் முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார்கள். நாமோ, முகத்தை மாற்றாதே, ஒளியையும் சட்டையையும் மாற்று என்கிறோம். கறுப்பு என்பது திருத்தப்பட வேண்டிய பிழையன்று. வேறு எந்த விட்டுக்கொடுப்பும் செய்யலாம். இதை மட்டும் செய்யலாகாது.

இவற்றையெல்லாம் மாணவரோடு உட்கார்ந்து பேசினோம்; இம்முறை கட்டளையாக அல்ல. நாம் அவர்முன் வைத்த கேள்விகள் மூன்று. இந்த உடையில் உன் மூச்சு இயல்பாக வருகிறதா? இது உன்னை எந்த ஒரு வேடத்துக்குள்ளாவது அடைத்துவிடுகிறதா? இதே உடையோடு லயத்துக்குத் திரும்பி உன் தாயின் முன் கூச்சமின்றி நிற்க முடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்தார். "அம்மாவுக்கு நான் எதப் போட்டாலும் புடிக்கும் சேர். ஆனா ஊசி குத்துன கோட்டப் பாத்தாச் சிரிச்சிடுவாங்க" என்றார்.

முடிவில் கடும்பச்சை நிறத்தில், கோடோ பூவோ இல்லாத ஒரு பருத்திச் சட்டையை அவர் தாமே தேர்ந்து வாங்கினார். அதற்குத் தாய் பணம் கொடுத்தார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் நிர்ணயிக்கப்படுவதற்கே ஆண்டுக்கணக்கிலே போராட வேண்டியிருந்த நாட்டில், ஒரு சட்டையின் விலை எத்தனை கூடைக் கொழுந்து என்பதை அந்தத் தாய் மனக்கணக்காகவே அறிவார். தேர்வு சுதந்திரம் என்று நாம் எவ்வளவு பேசினாலும், தேர்ந்தெடுக்க இரண்டு சட்டையாவது இருக்க வேண்டும். உடையைப் பற்றிய அறநெறி கூலியைப் பற்றிய கேள்வியிலேதான் போய் முடிகிறது. அதை விட்டுவிட்டு மெய்யுடை எது, பொய்யுடை எது என்று வாதிடுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்காகிவிடும்.

அவருக்கு வேடம் கிடைத்ததா என்று வாசகர் கேட்கலாம். படங்கள் அனுப்பப்பட்டுவிட்டன; பதில் இன்னும் வரவில்லை. ஒரு படத்தை அவர் நம்மிடம் தந்தார். அதிலே தோட்டத் தொழிலாளி இல்லை, மருத்துவரும் இல்லை. நேராகப் பார்க்கும் கறுத்த, தெளிந்த ஒரு முகம் இருக்கிறது. அதன் பின்புறத்தில், நாம் கேளாமலே, தம் பெயரை முழுமையாக எழுதியிருக்கிறார்.