மடியில் இருக்கும் கை

மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர். லண்டனில் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம், மவுஸைத் தொடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக வலது மணிக்கட்டில் வலி. மடிக்கணினியின் கேமரா கையைக் கவனிக்கிறது. ஆள்காட்டி விரல் போகும் பக்கம் அம்புக்குறி போகிறது; கட்டைவிரலோடு அதைச் சேர்த்தால் கிளிக்.

கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் என்ற மென்பொருள், ஒரு கையில் 21 புள்ளிகளை அடையாளம் காண்கிறது. சாதாரண கேமரா போதும். தமிழ்நாட்டில் எத்தனையோ பொறியியல் மாணவர்கள் இதை வைத்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறார்கள். 2009இல் பிரணவ் மிஸ்திரி மைசூரு டெட் மேடையில் பேசிய, கையசைவால் இயங்கும் சிக்ஸ்த் சென்ஸ் கருவிக்கோ, விரல் நுனிகளில் வண்ண உறைகள் மாட்ட வேண்டியிருந்தது.

*

மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது தோள் கடுக்கிறது.

கையை ஏந்தியே வைத்திருந்தால் வரும் இந்த அசதிக்குக் கணினித் துறைக்காரர்கள் ‘கொரில்லா கை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மவுஸ் பிடித்த கையை மேசை தாங்கிக்கொண்டிருந்தது. அந்த உதவி இல்லாமல் போனதும்தான் தெரிகிறது.

*

சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி இருப்பார். பேசாமல் உபதேசிப்பவர். ஆள்காட்டி விரல் கட்டைவிரலைத் தொட, மற்ற மூன்றும் நிமிர்ந்திருக்கும் சின்முத்திரை. தியானத்தில் அமர்பவர்கள் அதே முத்திரையோடு கையை முழங்கால்மேல் வைத்துக்கொள்கிறார்கள்.

2024இல் லண்டனில் விற்பனைக்கு வந்த, தலையில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் ப்ரோவிலும் இந்தத் தொடுகைதான் கிளிக். கண் ஓரிடத்தைப் பார்க்க வேண்டும், மடியில் இருக்கும் கையின் இரு விரல்கள் தொட வேண்டும், அவ்வளவுதான். கீழ்நோக்கிய கேமராக்கள் அதைக் கண்டுகொள்ளும். காற்றில் அசையும் கைக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. செய்தோமா, இல்லையா என்ற ஐயம் வந்துகொண்டே இருக்கும். விரலை விரல் தொடும்போது அந்த ஐயம் போய்விடுகிறது. முத்திரை வகுத்தவர்களுக்குக் கையின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

*

நாங்கள் கதைக்கும்போது கையும் சேர்ந்து கதைக்கும். அதில் எது கட்டளை, எது பேச்சு?

2023இல் ஆப்பிள் கணினிகளின் வீடியோ அழைப்பில் ஓர் ஏற்பாடு வந்தது. இரண்டு விரலை விரித்துக் காட்டினால் திரையில் பலூன்கள் பறக்கும். நாம் கேட்காமலே இயங்கும்படி அது வந்தது. இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அழைத்து, “அம்மாவுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் எண்டு டொக்டர் சொல்லுறார்” என்று விரலைக் காட்டுபவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் முகத்துக்கு முன்னால் பலூன் பறக்கக் கூடாது.

கையசைவில் கணினியை இயக்கும் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கேட்டால் மட்டும் இயங்கட்டும். கை மடியில் இருந்தபடியே வேலை நடக்கட்டும். மணிக்கட்டு வலிக்கும் ஒருவரை மாலை முழுக்க அதன் முன் உட்காரவைத்துப் பாருங்கள், பிறகு வெளியிடுங்கள்.