உடம்பு பேணலும் சிவதொண்டே

சைவாசிரியப் பெருமக்களே,

உயிர்கள் மலம் நீங்கி உய்தற்பொருட்டுச் சிவபெருமான் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கொடுத்தருளினார் என்பது நம் சித்தாந்தம். அவற்றுள் முதற்கண் எண்ணப்படுவது உடம்பாகிய தனு. அதனை வளர்த்தற்கே ஆண்டுதோறும் மெய்வல்லுநர் போட்டி நடத்துகின்றோம். அப்போட்டியே உடம்புக்கு இறுதியாதலும் உண்டு. 2024 மார்ச்சு மாதத்திலே, கிழக்கிலங்கைத் திருக்கோவிலிற் பாடசாலை மரதன் ஓட்டத்திற் கலந்துகொண்ட மாணவனொருவன் நோயுற்று உயிர்நீத்தமை நம்மனோரைக் கலங்கச் செய்தது.

வலிய உடம்புக்கு இத்தகைய இறுதி எவ்வாறு நேரும்? காய்ச்சலை உண்டாக்கும் வைரசுக் கிருமி சிலரிடத்து இதயத்தசையையும் தாக்கி அழற்சியுறச் செய்யும். அந்நிலையில் ஓய்ந்திருப்போர் பெரும்பாலும் தேறுவர். ஓடுவோர்க்கு இதயத்துடிப்புத் தடுமாறி நின்றுவிடுதலுங் கூடும். இனி, வெயிலிற் கடிதின் ஓடுவோர்க்கு உடல்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேலேறி, மூளை முதலிய உறுப்புக்களைக் கெடுத்தலும் உண்டு. பண்டாரவளை குளிர்மலையாதலின் நமக்கு அச்சமில்லை என்னற்க. காய்ச்சலோடு ஓடும் பிள்ளைக்கு மலையும் கடற்கரையும் ஒன்றே.

மெலிந்த பிள்ளை இளைத்தவுடன் நின்றுவிடும். வலிய பிள்ளையோ, தன் இல்லத்தின் மானங் கருதியும், தோழர் நகைப்பரென்றும் ஆசிரியர் சினப்பரென்றும் அஞ்சியும், நோயை மறைத்து ஓடும். காய்ச்சலென்று சொல்லிய பிள்ளையைச் சோம்பலென்று கடிந்து நாமும் ஒருகால் ஓடவிட்டதுண்டு. அப்பிள்ளை பிழைத்தது திருவருளேயன்றி நம் அறிவன்று.

திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை நோக்குமின். சூலைநோய் திடீரெனப் பற்றியபோது அவர் அதனை மறைத்திலர்; தமக்கையார் திலகவதியாருக்கு அறிவித்து, பின்னர்த் தாமே திருவதிகை சென்று அவர் அடிகளில் வீழ்ந்தார். தம்மைப் பிரிந்து சென்றவரென்று அம்மையார் இகழ்ந்திலர். திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்தேகினார். நோயுற்றார்க்கு அஞ்சாது சென்று சொல்லத்தக்க ஒருவர் வேண்டும். மைதானத்திலே நம் பிள்ளைகளுக்கு அத்தகையார் நாமல்லரேல் வேறு யாவர்?

ஆதலின், ஓட்டத்துக்கு முன்னே காய்ச்சல், மயக்கம், நெஞ்சுநோவு உண்டோவென ஒவ்வொரு பிள்ளையையும் தனித்து வினவுவோமாக. உண்டென்ற பிள்ளையைப் பழியாது விலக்கி, மருத்துவரிடம் அனுப்புவோமாக. வெப்பத்தால் மயங்கிய பிள்ளையை நிழலிற் கிடத்தி, நீரால் நனைத்து விசிறி, விரைவில் வைத்தியசாலை சேர்ப்பிக்க. மூச்சற்று வீழின், 1990 என்னும் எண்ணில் அம்புலன்சை அழைத்து, அது வருமளவும் நெஞ்சின் நடுவை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துக. 2021 ஜூன் 12இல் கோப்பன்கேகன் உதைபந்தாட்டக் களத்தில் வீழ்ந்த தென்மார்க்கு வீரர் கிறித்தியன் எரிக்சன், உடனே செய்யப்பட்ட இவ்வுதவியாலும் மின்னதிர்ச்சிக் கருவியாலும் உயிர் மீண்டார்.

வெற்றிக் கிண்ணம் மறு ஆண்டும் வரும். பெற்றோர் நம்மை நம்பி விடுத்த பிள்ளை வாராது. அப்பிள்ளையை மாலையில் வீடு சேர்ப்பித்தலே அன்றைய சிவபூசை என்று கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.