லாபத்தில் மட்டும் பங்கு

‘நேத்து நாம ஜெயிச்சுட்டோம்!’

இதை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? பேட் பிடித்தவர் யாரோ. பந்து வீசியவர் யாரோ. நீங்கள் செய்ததெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு கடித்ததுதான். ஆனாலும் ‘நாம’! இதில் தப்பே இல்லை. அடுத்தவர் வெற்றியில் சந்தோஷப்பட ஒரு மனசு வேண்டுமே. எனக்கு இடிப்பது வேறு விஷயம்.

விருத்தாசலத்திலிருந்து தினமும் ரயிலேறி, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் டிவி கடை வாசலில் பெருங்கூட்டம். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட். இலக்கு 271. முதுகு வலியோடு 136 அடித்து சச்சின் அவுட்டானபோது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் மூன்றும் போச்சு. 12 ரன்னில் தோல்வி.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். வாசிம் அக்ரம் அணி மைதானத்தை வலம் வர, சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது! டிவி கடை வாசலில் நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். ‘நம்ம ஜனங்கடா!’ அந்தக் கைதட்டலிலும் எங்களுக்குப் பங்கு.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் கல்லூரிகளுக்கு இடையே கிரிக்கெட் ஃபைனல். எங்கள் கல்லூரி தோற்றது. ஜெயித்தவர்களின் வேன் கிளம்பும்போது எங்கள் பையன்கள் தரையிலிருந்து எதையோ பொறுக்கி வீசினார்கள். உடைந்த பீங்கான் துண்டுகள். பீங்கான் பட்டறைகள் நிறைந்த ஊரில் அதற்கா பஞ்சம்? ஜன்னலோரம் இருந்த ஒரு பையனின் புருவத்தில் ரத்தம். நான் வீசவில்லை. தடுக்கவும் இல்லை.

மறுநாள் ரயிலில் ஒரு பெரியவர் கேட்டார். “ஏம்ப்பா, வேன் மேல எறிஞ்சது உங்க காலேஜ் பசங்களாமே?”

“யாரோ நாலு பேரு சார். அவனுங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல.”

கவனித்தீர்களா? பெருமை என்றால் ‘நாம’. அசிங்கம் என்றால் ‘அவனுங்க’.

பக்கத்தில் சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1965 ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த மாணவர் ராஜேந்திரனுக்கு அங்கே சிலை இருக்கிறது. அந்த வருஷத்தில் பிறக்காதவர்கள்கூட அதைக் காட்டி, ‘எங்க யுனிவர்சிட்டி’ என்று நெஞ்சு நிமிர்த்துவார்கள். நிமிர்த்தட்டும், நியாயம்தான். ஆனால், பிறப்பதற்கு முன் நடந்த தியாகத்தில் நமக்குப் பங்கு உண்டு என்றால், கண்ணெதிரே நடந்த அராஜகத்தில் பங்கு இல்லாமல் போகுமா?

‘வீசாதவன் எப்படிக் குற்றவாளி?’ என்று கேட்பீர்கள். குற்றவாளி இல்லைதான். தண்டனை வீசியவனுக்கே. ஆனால், குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அந்தப் பையனைத் தேடிப் போய், ‘எங்க காலேஜ் பண்ணது தப்பு, மன்னிச்சுக்கப்பா’ என்று சொல்ல, வீசியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ‘நாம’ என்று ஒரு முறை சொல்லியிருந்தாலே போதும்.

நாங்கள் பரீட்சைக்கு உருப்போட்ட 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டாளிகளுக்கு லாபமும் சமம், நஷ்டமும் சமம். மைனருக்கு மட்டும் ஒரு சலுகை. அவனை லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நஷ்டத்துக்கு அவன் சொந்தப் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை.

அந்த ரயிலில் பதில் சொன்னபோது எனக்கு வயது இருபது. சட்டப்படி நான் மேஜர்!